கெட்டிக்காரிகளின் புல்வெளி

அக்காவின் செத்தவீட்டில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "அந்த மனுசி ஒருத்தரையும் ஒரு வேலை ஏவினது கிடையாது." ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, மயானத்துச் சின்ன மண்டபத்தில், கறுப்புக் குளிரங்கிகளோடு நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லித் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அது உண்மைதான். எங்கள் வீட்டுக்காரி அவர், அக்கா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்த காலம் முழுக்க, "இதைச் செய்யும்" என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அந்த வீட்டுப் புல்வெளியில் கிடந்த கோழி எச்சத்தை நாள்தோறும் அள்ளியவள் மட்டும் நான்.

இதை எழுதுவது சரியா என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். செத்துப்போனவர். எனக்கு நன்மையும் செய்தவர். நன்மை செய்தவர்களைப் பற்றி எழுதும்போது கை தானாகவே மெதுவாகிவிடுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அக்கா பாராட்டுவார். அதுதான் அவர் வழி. பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்குக் கூட்டமாகச் சமைக்கும்போது, வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். "இஞ்ச பாருங்கோ, தலைமயிர் மாதிரி வெட்டுறா. எனக்கு இந்த வயசிலயும் இப்பிடி வராது" என்பார். அந்தப் பெண் மூட்டை முழுவதையும் தனியே வெட்டி முடிப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். வெப்பமூட்டியைப் பழுதுபார்க்க வந்த ஜேர்மன்காரரிடம், தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜேர்மனில், இப்படி ஒரு கையை நான் கண்டதே இல்லை என்று சொன்னார். அந்த மனிதர் போகும்போது, யாரும் கேட்காமலே, கிறீச்சிட்ட வாசல் கதவுக்கும் எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

அவர் அடிக்கடி சொன்ன சொல் 'கெட்டிக்காரி'. 'கெட்' என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, மிச்சத்தைச் சொல்லுவார். அந்த மூச்சுக்குள் உங்களை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்து முடித்திருப்பார். அவர் கண்களில் பொய் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். அந்தக் கணத்தில் அவர் உண்மையாகவே வியந்தார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் அதிலிருந்து தப்ப முடியவில்லை.

நாங்கள் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது என் வயிற்றில் ஆறாவது மாதம். யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்து, கலியாணம் கட்டி வந்து, ஒற்றை அறை வீடு ஒன்றில் இருந்தோம். பெரிய வீடு தேடிப் போனால், பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் சிரித்துக் கை கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு அழைக்கவே மாட்டார்கள். கோயிலில் கண்ட அறிமுகத்தில் என் கணவர் அக்காவிடம் கேட்டார். மறுநாளே அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு போய் மாடியைக் காட்டினார். யன்னலைத் திறந்து கீழே கையை நீட்டினார்.

"வீடு சின்னன் எண்டு யோசியாதையும் பிள்ளை. அங்க பாரும், தோட்டம். உம்மட பிள்ளை அந்தப் புல்லில தவழட்டும்."

நான் அழுதுவிட்டேன். கர்ப்பகாலத்து அழுகைதான். ஆனால் அந்தப் பச்சை நிறத்தையும், அதன் நடுவில் நான் இன்னும் காணாத என் பிள்ளை தவழ்வதையும் அந்த யன்னலில் நின்றே பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் படம் மனதிலிருந்து போகவில்லை. கோழிக்கூடு அப்போது கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

குழந்தை மாசி மாதத்தில் பிறந்தாள். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அக்காதான் வந்தார். பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்து, மூடிய சட்டியோடு மாடிப்படி ஏறி வருவார். பால் கட்டிக்கொண்டு நான் காய்ச்சலில் கிடந்தபோது குழந்தையைத் தன் தோளில் போட்டபடி அறைக்குள் நடந்தார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. மறைத்தால் மீதியைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பனி போனதும் கோழிகள் கூட்டைவிட்டு வெளியே வந்தன. பழுப்பு நிறக் கோழிகள், கொழுத்தவை, எவருக்கும் பயப்படாதவை. காலையில் அக்கா கூட்டுக் கதவைத் திறந்துவிடுவார், புல்வெளி முழுவதும் அவற்றுடையது. மாலையில் அவையாகவே கூட்டுக்குள் போகும்.

முதல் நாள் நான் அள்ளியது ஒரே ஒரு எச்சத்தை. எங்கள் மாடிப்படியின் அடியில் கிடந்தது. குழந்தையின் தள்ளுவண்டிச் சில்லில் ஒட்டிவிடுமே என்று ஒரு கடதாசியால் எடுத்துப் போட்டேன். நிமிர்ந்தால், அக்கா குசினி யன்னலில் நிற்கிறார்.

"கெட்... டிக்காரி! பாத்தியளே, கைக்குழந்தையோடயும் எவ்வளவு துப்புரவு! உந்தப் புல்லு உம்மட கண்ணுக்குத்தான் தெரியுது. நாங்கள் கண் இருந்தும் குருடர்."

மறுநாள் காலை எங்கள் படியின் அடியில் ஒரு வாளியும், மண் அள்ளும் சின்னக் கரண்டியும், ஒரு சோடி இறப்பர்க் கையுறையும் இருந்தன. புதியவை. கையுறை என் கைக்குச் சரியான அளவு. யாரும் எதுவும் சொல்லவில்லை.

கோழி எச்சம் அள்ளுவதில் எனக்கு வந்த அறிவை வேறு எங்கும் பயன்படுத்த முடியாது. அதில் இரண்டு வகை. ஒன்று கட்டியாக, உச்சியில் வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். கரண்டியைச் சரித்துக் கொடுத்தால் புல்லை விட்டு அப்படியே வரும். மற்றது பழுப்பு நிறம், சீனிப்பாணிபோல ஒட்டும், நாற்றம் தலைக்குள் ஏறும். அதைப் புல்லோடு சேர்த்துத்தான் பிய்க்கவேண்டும். பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் அள்ள வேண்டும். ஈரத்தில் அள்ளினால் மெழுகுப்படும். வெயிலில் காய்ந்தால் பொடியாகிப் புல்லின் அடியில் இறங்கிவிடும். மழை பெய்தால் எல்லாம் கரைந்துபோகும், அள்ள ஒன்றும் இருக்காது. மழைதான் எனக்கு ஆகப் பயம். எங்கே இருக்கிறது என்று தெரியாத எச்சத்தை என்ன செய்வது? பட்டப்படிப்பில் நான் நுண்ணுயிர்கள் பற்றிப் படித்தவள். கோழியின் குடலில் என்னென்ன வாழும் என்று பரீட்சைத்தாளில் எழுதிப் புள்ளி வாங்கியவள். படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனோ என்று அந்த வசந்தத்தில் பலமுறை நினைத்தேன்.

குழந்தை குப்புற விழுந்து, நெஞ்சால் அரக்கி நகரத் தொடங்கியபோது கேட்பதென்று முடிவெடுத்தேன். கேட்க வேண்டியது சின்ன விஷயம். கோழிகளுக்கு ஒரு மூலையை அடைத்துவிட்டால் போதும். மூலை பெரிதாகவே இருக்கட்டும். மிச்சப் புல் பிள்ளைக்கு.

முதலில் கணவரைக் கேட்கச் சொன்னேன்.

"நீரே சொல்லும். பொம்பிளையளுக்குள்ள கதைச்சா லேசு" என்றார் அவர்.

"நீங்கள்தானே வீடு கேட்டனீங்கள்? இதையும் கேளுங்கோவன்."

"வீடு கேக்கிறது வேற. தந்தவையிட்டக் குறை சொல்லுறது வேற."

நான் போனேன். அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாய்க்கு வந்தபோது பாதியாகக் குறைந்துவிட்டது.

"அக்கா, பிள்ளை இப்ப அரக்கத் தொடங்கிட்டா. கோழியளுக்கு ஒரு சின்ன வேலி மாதிரி..."

"ஓம் ஓம், கட்டாயம் அடைப்பம்!" நான் முடிக்கும் முன்பே சொன்னார். "எனக்கு இது யோசிக்க வரேல்லைப் பாரும். உம்மை மாதிரித் தாயைப் பிள்ளை போன பிறவியில தவம் செய்து வாங்கியிருக்கு. எங்கட பிள்ளையளை நாங்கள் என்ன, கண்டபடி விட்டு வளத்தனாங்கள். நீர் படிச்சனீர். கெட்டிக்காரி."

ஒரு கட்டுக் கீரையை என் கையில் வைத்தார். நான் மாடிக்கு வந்து கணவரிடம், "ஓம் எண்டவ" என்று பெருமையாகச் சொன்னேன்.

வாரங்கள் போயின. வேலி வரவில்லை. மறுபடி கேட்டபோது அதே "ஓம் ஓம்", வேறொரு பாராட்டு. ஒருமுறை நான் பொறுமையாகக் கேட்கும் விதத்தையே பாராட்டினார். "எவ்வளவு பண்பாக் கேக்கிறீர்! இப்பத்தைய பெட்டையள் எண்டால் துள்ளிக் குதிப்பாளவை." இதற்குப் பிறகு யார் துள்ளிக் குதிப்பது?

அக்காவின் கணவர் அதிகம் பேசமாட்டார். நாங்கள் அவரை அண்ணை என்போம். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் நான் முழங்காலில் நின்று புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கோழிக்கூட்டைக் கழுவ வாளித் தண்ணீரோடு வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"தங்கச்சி, உங்களுக்கும் கெட்டிக்காரிப் பட்டம் கிடைச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை."

"நானும் கலியாணம் கட்டின நாள் தொடக்கம் கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிவிட்டுக் கூட்டைக் கழுவப் போனார்.

நான் சத்தமாகச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு, அவர் இவ்வளவு காலமாகக் கழுவிக்கொண்டே இருக்கிறார் என்பது புரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டில் வயதான ஜேர்மன் பெண்மணி ஒருவர் இருந்தார். கோழி கொக்கரிப்பது பற்றி அவர் முறைப்பாடு செய்துவிடக் கூடாது என்பதற்காக அக்கா வாரந்தோறும் அவருக்கு முட்டை கொடுத்தனுப்புவார். பெரிய, சுத்தமான, ஓட்டில் கீறல் இல்லாத முட்டைகளாகத் தெரிந்தெடுத்துப் பெட்டியில் அடுக்குவார். எனக்கும் முட்டை தருவார். ஓட்டில் எச்சம் காய்ந்து ஒட்டியவை எனக்கு வரும். "நீர் வடிவாக் கழுவி எடுப்பீர் எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பொம்பிளைக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது." அதிலும் ஒரு பாராட்டு இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்மணி ஒருநாள் செடிவேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மிகவும் மரியாதையாக என்னிடம் கேட்டார்:

"மன்னிக்கவேண்டும், நீங்கள் வாரத்தில் எந்த நாட்களில் இங்கே துப்புரவு வேலைக்கு வருகிறீர்கள்? எனக்கும் ஒரு ஆள் தேவைப்படுகிறது."

நான் மாடியில் குடியிருப்பவள் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். பரவாயில்லை, எவருக்கும் அப்படித் தோன்றும் என்றேன். சொன்ன பிறகுதான், நான் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கே உறைத்தது. இதை அன்று மாலை கணவரிடம் சொன்னபோது அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "இப்ப வேற வீடு தேடினா எப்ப கிடைக்கும் எண்டு நினைக்கிறீர்?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அந்த வீட்டில் எல்லோரும் சொன்னது சரியாகவே இருந்தது.

புரட்டாதி மாதம் பிள்ளைக்கு முதற்பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டை செய்யவேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலையில் கொழுக்கட்டை கொட்டுவோம். கொழுக்கட்டையில் பல்லுப்போலத் தேங்காய்த் துண்டு குத்தியிருக்கும். பிறகு முன்னால் புத்தகம், பேனை, நகை என்று பரப்பி வைப்போம். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் வருங்காலம் என்று எல்லோரும் சொல்லிச் சிரிப்போம். அதை யாரும் முழுதாக நம்புவதில்லை. முழுதாக நம்பாமலும் இருப்பதில்லை.

"மாடியில என்னத்துக்கு நெருக்குப்படுவான்? கீழ தோட்டத்தில வையும்" என்றார் அக்கா. "உம்மட கையால துடைச்ச புல்லு. பளிங்கு மாதிரிக் கிடக்கு."

அன்று காலையும் நான் அள்ளினேன். வழமையைவிட நேரத்துக்கே இறங்கி, மூலை முடுக்கெல்லாம் பார்த்து, புல்லைக் கையால் பிரித்துப் பிரித்து அள்ளினேன். அள்ளி முடித்து, கோழிகளைத் திறந்துவிட அக்கா வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. கூட்டுக் கதவு அன்று முழுவதும் சாத்தியே இருந்தது. விருந்தாளிகள் வருகிறார்கள் அல்லவா? கோழிகள் உள்ளே ஒரு சின்ன முணுமுணுப்போடு அமைதியாக இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழிகளை அடைத்து வைக்க முடியும் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

கொட்டவேண்டிய தாய்மாமன் இங்கே இல்லாததால் அக்காவே கொழுக்கட்டை கொட்டினார். பிள்ளை திடுக்கிட்டு, பிறகு சிரித்தாள். கொழுக்கட்டைகள் துணியைத் தாண்டிப் புல்லில் உருண்டன. பெண்கள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். "புத்தகத்தை எடு செல்லம்!" "அங்க பார், காப்பு மினுங்குது!" பிள்ளை புத்தகத்தைப் பார்த்தாள். அதன்மேல் கையை ஊன்றி, பேனையையும் காப்பையும் கடந்து, துணியைவிட்டு வெளியே அரக்கினாள். பூச்சாடியோடு சாத்தி வைத்திருந்த என் கரண்டியை எட்டிப் பிடித்தாள். எச்சம் அள்ளும் கரண்டியை. காலையில் கழுவித்தான் வைத்திருந்தேன். எவ்வளவு நன்றாகக் கழுவினேன் என்று அந்த நிமிடத்தில் எனக்கு நினைவு வரவில்லை.

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"பாத்தியளே!" என்று அக்கா இரண்டு கையையும் தட்டினார். "தாயின்ர கை! புத்தகமும் வேண்டாமாம், பொன்னும் வேண்டாமாம். கெட்... டிக்காரி. குட்டிக் கெட்டிக்காரி!"

முதல் தடவையாக அந்தச் சொல் என் பிள்ளையின்மேல் விழுந்தது. அவள் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயில் ஒற்றைப் பல் தெரியச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கரண்டியை மறுபடி ஆட்டிக் காட்டினாள். நான் ஓடிப்போய் அதைப் பறித்தேன். பிள்ளை வீரிட்டு அழுதாள். "விடுமன், விளையாட்டுச் சாமான்தானே" என்றாள் ஒருத்தி. கணவர் தேநீர்க் கோப்பைகளை எடுத்துவர உள்ளே போனார்.

விருந்தாளிகள் போனதும் அக்கா கூட்டைத் திறந்துவிட்டார். கோழிகள் நேரே கொழுக்கட்டைக்கு ஓடின. நான் மாடியில் பாத்திரம் கழுவிவிட்டுக் கீழே இறங்கியபோது பிள்ளை அக்காவின் மடியைவிட்டு இறங்கிப் புல்லில் இருந்தாள். அவளைச் சுற்றிக் கோழிகள். வாய்க்குள் ஏதோ மென்றுகொண்டிருந்தாள். விரலை விட்டு எடுத்தேன். கொழுக்கட்டைத் துண்டு, பாதி.

"கோழியோட போட்டி போட்டுப் பொறுக்கித் தின்னுறா" என்றார் அக்கா, அன்பு பொங்க. "நல்ல சாப்பாட்டுக்காரி."

சில நாளில் காய்ச்சல் வந்தது. பிறகு வயிற்றோட்டம், பிறகு அதில் இரத்தம். பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவள் கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி ஏற்றி மருந்துநீர் விட்டார்கள். கிருமி எது என்று கண்டுபிடித்த இளம் மருத்துவர், வீட்டில் விலங்குகள் உண்டா, பறவைகள் உண்டா என்று கேட்டார். கோழிகள் என்றேன். பிள்ளை அவற்றோடு சேருமா என்று கேட்டார். நான் பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். இது சமைக்காத இறைச்சியிலிருந்தும் வரலாம், ஒன்றையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை, அந்த வாரம் நான் கோழி இறைச்சி வெட்டிய பலகையை மனதுக்குள் கழுவிக்கொண்டே இருக்கிறேன். ஒருவேளை அதுவாக இருக்கலாம். ஒருவேளை கொழுக்கட்டை. ஒருவேளை கரண்டி.

மறுநாள் பகல் அக்கா வந்தார். கையில் சுடுநீர்ப் போத்தல், அதற்குள் சூப்.

"உமக்கெண்டு ஒரு கோழியை அடிச்சனான். தாய்க்குத் தென்பிருந்தால்தான் பிள்ளையைப் பாக்கலாம்."

கட்டிலில் கிடந்தவளின் தலையை, ஊசி குத்திய இடத்தைத் தவிர்த்து, மிக மென்மையாகத் தடவினார். அவர் கண் கலங்கியது. அது நடிப்பல்ல. பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மை மாதிரி ஒரு தாய் இருந்தபடியாத்தான் பிள்ளை தப்பினது. நேரத்துக்குக் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தீர். வேற ஆரும் எண்டால் விட்டிருப்பினம். உம்மட வீட்டில கிருமி வர வழியே இல்லை. எங்கயாவது டொக்டரிட்டக் காத்திருக்கேக்கத் தொத்தியிருக்கும். நீர் எவ்வளவு துப்புரவு எண்டு எனக்கல்லே தெரியும்."

இதை எழுதவே கூசுகிறது. அந்தத் தாழ்வாரத்தில், என் பிள்ளை உள்ளே கிடக்க, அந்தச் சொற்கள் எனக்கு இதமாக இருந்தன. யாரோ என்னை நல்ல தாய் என்று சொல்ல வேண்டும் என்று அந்த இரண்டு நாளும் ஏங்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார். என் தலை தானாக அவர் தோள் பக்கம் சாய்ந்தது. சாயும்போதே தெரிந்தது, நான் இப்படியே சாய்ந்தால் பிள்ளையோடு வீட்டுக்குப் போன மறுநாள் காலை வாளியோடு இறங்குவேன் என்று.

தலையை எடுத்தேன்.

"அக்கா, என்னைப் பாராட்டாதேங்கோ. எனக்கு வேலி வேணும்."

குரல் என் குரலாகவே இருக்கவில்லை. தாழ்வாரத்தில் போன தாதி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அக்கா என் கையை விடவில்லை. என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அதுக்கென்ன பிள்ளை? இவ்வளவு நாளும் வாய் திறந்து கேட்டிருந்தா அடைச்சிருப்பம்தானே!"

கேட்டேனா, இல்லையா? கீரைக்கட்டு நினைவு வந்தது. அவர் "ஓம் ஓம்" என்றது நினைவு வந்தது. ஆனால் நான் முழு வாக்கியமாக, ஒரு தடவையாவது, கடைசிவரை சொல்லி முடித்தேனா?

"எவ்வளவு தைரியமாச் சொன்னீர்!" என்று என் கன்னத்தைத் தட்டினார் அக்கா. "உம்மட இந்தக் குணம்தான் எனக்குப் பிடிப்பு."

நாங்கள் மருத்துவமனையிலிருந்து வந்தபோது வேலி இருந்தது. அக்கா வாசலிலேயே காத்திருந்தார். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அண்ணை சுத்தியலோடு ஓரமாக நின்றார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. புல்வெளியின் மூலையில், மதில் நிழல் விழும் இடத்தில், மரக்கட்டை நட்டுக் கம்பி வலை சுற்றி, நேர்த்தியாக ஒரு சதுரம் அடைத்திருந்தார்கள். ஒரு மேசையின் அளவு இருக்கும். உள்ளே ஒரு பாய், ஒரு பந்து.

கோழிகள் வழமைபோல வெளியே, புல் முழுவதும் மேய்ந்துகொண்டிருந்தன.

"பாரும், இனி ஒரு கோழி கிட்ட வரேலாது!" என்று சொல்லி, அக்கா பிள்ளையை வலைக்கு மேலால் தூக்கி உள்ளே இறக்கினார்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அண்ணை நல்ல உறுதியாத்தான் அடிச்சிருக்கிறார்" என்றார் அவர்.

கோழிகள் வந்து வலையைச் சுற்றி நின்று, தலையைச் சரித்து உள்ளே பார்த்தன. பிள்ளையும் அவற்றைப் பார்த்தாள். மெலிந்துபோன கைகளை நீட்டி வலையின் கண்களுக்குள் விரல்களைக் கோர்த்தாள். ஒரு முழங்காலை உயர்த்தினாள். தள்ளாடினாள். அவள் பிறந்ததிலிருந்து நான் காத்திருந்தது நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு விளங்கியபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். தனியே, இரண்டு காலில், கம்பியைப் பிடித்தபடி.

"ஐயோ, எழும்பி நிக்குது!" அக்கா கூவினார். "நான் அடைச்ச வேலியைப் பிடிச்சுத்தான் பிள்ளை முதன்முதல் நிக்குது! படம் எடும், படம் எடும்!"

கணவர் படம் எடுத்தார். அக்கா அதை ஊருக்கெல்லாம் அனுப்பினார். கார்த்திகையில் நாங்கள் தொலைவில், தோட்டமில்லாத வீடு ஒன்றுக்கு மாறிப் போனோம். போகும்போது அக்கா அழுதார். சாமான் கட்டிய நேர்த்தியைப் பாராட்டினார். எங்களுக்குப் பின் மாடிக்கு வந்தவளும் கைக்குழந்தைக்காரி என்று கேள்விப்பட்டேன். மிகவும் கெட்டிக்காரியாம்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் முதன்முதல் எழுந்து நின்றதற்கு எங்களிடம் இருப்பது அந்த ஒரு படம்தான். செத்தவீட்டுக்கும் அதை யாரோ பெரிதாக்கி, அக்காவின் மற்றப் படங்களோடு மேசையில் வைத்திருந்தார்கள். சிரிக்கும் அக்கா, கம்பிக்குப் பின்னால் என் பிள்ளை, பின்னணியில் விரிந்து கிடக்கும் புல்.

"எவ்வளவு வடிவா வச்சிருந்திருக்கிறா தோட்டத்தை" என்றாள் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி. "ஒரு தூசி தும்பு இல்லை, பாருங்கோ."

பார்த்தேன். உண்மைதான். அந்தப் படம் எடுத்த நாள், அண்ணை வேலி அடிக்கும் முன்பே, மருத்துவமனையிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரப் போகும் முன், நான் இறங்கி அள்ளியிருந்தேன்.